உப்புத் தண்ணீர் ஊரில் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி: மட்டை நட்டு வளர்த்துச் சாப்பிடுவது எப்படி?

கேள்வி இது: வீடு ராமநாதபுரம் கரையோரத்தில் பெரியபட்டினம் பக்கம், கடலுக்கு நடந்து போகும் தூரம். சவூதியில் வேலை பார்த்தபோது தாயிஃப் பக்கம் ‘பர்ஷூமி’ என்று விற்கும் பழத்தைச் சாப்பிட்டுப் பிடித்துப்போனதால், ஊருக்கு வந்ததும் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி மட்டை மூன்று வாங்கியிருக்கிறார். ஒன்றை அன்றைக்கே தொட்டியில் நட்டுத் தினமும் போர் தண்ணீர் ஊற்றியதில், அது அடியில் அழுகிச் சாய்ந்துவிட்டது. மற்ற இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது? சமைத்துச் சாப்பிட எவ்வளவு காலம் ஆகும்? வேலியோரம் சும்மா வளர்ந்து கிடக்கும் முள் கள்ளியையே சாப்பிட்டால் என்ன?

தம்பி, முதல் வேலையாக மீதி இரண்டு மட்டையையும் மண்ணில் வைக்காமல் நிழலில் வையுங்கள். சாரல் படாத, காற்றாடும் இடமாக இருக்க வேண்டும். திண்ணை இருந்தால் திண்ணையில் சுவரோடு நிமிர்த்திச் சாய்த்து வைத்துவிடலாம். இரண்டு வாரம் என்ன, ஒரு மாதம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.

அழுகிய மட்டையையும் இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மண்ணிலிருந்து பிடுங்கி, கறுத்துக் கொழகொழவென்று ஆன பகுதிக்கு மேலே சுத்தமான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் நடுச்சதை வெளிர் பச்சையாக, மணம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பழுப்புக் கீற்று ஒன்று தெரிந்தாலும் இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகலை நீங்களே மேலே ஏற்றிவிடுவீர்கள். பாதி மட்டை மிஞ்சினால்கூடப் போதும். மட்டையின் மேல் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிகிறதே, அவைதான் கண்கள். வேரும் அங்கிருந்து வரும், புது மட்டையும் அங்கிருந்து வரும், பூவும் அங்கிருந்துதான். நாலைந்து கண்ணுள்ள துண்டு ஒன்று மிஞ்சினால் அதிலிருந்து ஒரு செடியை எடுத்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கள்ளிதானே, எந்த மண்ணிலும் வரும், எந்தத் தண்ணீரிலும் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று கரையோரம் எங்கே போனாலும் மணல்மேட்டில் கள்ளியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அப்படித்தானே தோன்றும். ஆனால் அந்தக் கள்ளி வேறு, நீங்கள் வாங்கியது வேறு. மணல்மேட்டில் நிற்பது ஒபன்ஷியா டில்லெனி. நீளமான மஞ்சள் முள், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். உப்புக் காற்றைத் தாங்கும் இனம் அது. நீங்கள் வாங்கியது ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகா. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான் என்றாலும், உங்களுடையது மெக்சிகோவின் வறண்ட மேட்டு நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த உணவுப் பயிர். வறட்சியை அபாரமாகத் தாங்கும், வெயிலையும் தாங்கும். உப்பை மட்டும் தாங்காது.

எவ்வளவு தாங்காது என்று கேட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று, நான்கு கிராம் சமையல் உப்பு கலந்த தண்ணீர்தான் அதன் எல்லை. அதற்கே வேர் வளர்ச்சி குறைந்து, மட்டை தடிக்காமல் நின்றுவிடும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. அதாவது உங்கள் போரில் கடல் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே எல்லையைத் தொட்டாகிவிட்டது. நம் பக்கம் பல வீட்டுப் போர்கள் அந்த நிலையில்தான் இருக்கின்றன. தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் இந்தச் செடிக்கு ஆகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்திருப்பவர்கள் அளந்து பாருங்கள். ஆயிரத்துக்குள் இருந்தால் தரையில் நட்ட செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். இரண்டாயிரத்தைத் தாண்டினால் நான் ஊற்ற மாட்டேன். தொட்டியில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது கூடிக்கொண்டே போகும். தொட்டியின் விளிம்பிலும் மண் மேலேயும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அது இந்த உப்புதான்.

அப்படியானால் தண்ணீருக்கு எங்கே போவது? இந்தச் செடிக்கு வேண்டியதே கொஞ்சம். வேர் பிடித்த செடிக்கு வாரம் ஒரு லிட்டர், கோடையில் ஒன்றரை லிட்டர், அது போதும். மாடியில் விழும் மழை நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி இருந்தால் கவலையே இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைக்கலாம். வீட்டில் ஏசி இருந்தால் வெளியே குழாயில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அது காற்றிலிருந்து இறங்கிய ஈரம், உப்பு துளிகூட இல்லை. கோடையில் ஒரு ஏசி விடும் தண்ணீரில் இந்தச் செடிகள் பத்துப் பன்னிரண்டை வளர்க்கலாம். ஊற்றவே கூடாதது ஆர்ஓ எந்திரம் கழித்துவிடும் தண்ணீர். வீணாகப் போகிறதே என்று பலர் செடிக்கு விடுகிறார்கள். போரில் இருந்த உப்பு முழுவதும் அதில்தான் செறிந்திருக்கிறது.

இரண்டாவது எதிரி தேங்கும் தண்ணீர். இந்தச் செடியின் வேர் ஆழம் போகாது. மேலே ஓர் அடி மண்ணுக்குள்ளேயே பரவி, மழை பட்டால் சட்டென்று புது வேர் விட்டு உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேருக்குக் காற்று வேண்டும். வருஷ மழையின் பெரும்பகுதி நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. தாழ்வான மணலில் கீழிருந்தும் தண்ணீர் ஏறி, மூன்று நான்கு நாள் சதசதவென்று நிற்கும். அந்த மூன்று நான்கு நாளில் இரண்டு வருஷச் செடியும் போய்விடும். ஆகவே தரையில் நடுவதென்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன் உச்சியில்தான் நட வேண்டும். முற்றத்தில் எந்த மூலையில் மழைத் தண்ணீர் கடைசியாக வடிகிறது என்று உங்களுக்கே தெரியும், அந்த மூலையை விட்டுவிடுங்கள். மேட்டில் நட்டுவிட்டால் அதே மழை நன்மையும் செய்யும். கோடை முழுக்க மண்ணில் ஏறிய உப்பை அடியில் கழுவிக்கொண்டு போய்விடும்.

நடுவதற்கு நம் கரையில் நல்ல காலம் தையும் மாசியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, உப்பும் கழுவப்பட்டிருக்கும். பங்குனியில் நட்டாலும் வரும், ஓலை நிழல் கட்ட வேண்டும். புரட்டாசிக்குப் பிறகு மட்டை கையில் வந்தால் அவசரப்படாமல் மழை முடியும்வரை திண்ணையிலேயே வைத்திருங்கள். அல்லது கூரைக்குக் கீழே சின்னத் தொட்டியில் வேர் பிடிக்கவைத்து, தையில் தரைக்கு மாற்றுங்கள்.

மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வருஷம் முற்றிய, தடித்த, கரும்பச்சை மட்டையாகப் பாருங்கள். மெல்லிய இளமட்டை சமையலுக்கு நல்லது, நடவுக்கு ஆகாது, அழுகிவிடும். தாய் மட்டையோடு ஒட்டியிருக்கும் குறுகலான கணுவில்தான் வெட்ட வேண்டும். அங்கே வெட்டினால் காயம் சின்னதாக இருக்கும், சீக்கிரம் ஆறும். அகலமான நடுப்பகுதியில் வெட்டினால் ஆற இரண்டு பங்கு நாளாகும்.

இந்தக் காயம் ஆறுவதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். வெட்டிய அன்று வெட்டுவாய் பளபளவென்று ஈரமாக இருக்கும், தொட்டால் விரலில் கோழை ஒட்டும். மூன்றாம் நாள் மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டும். அதை ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, விரலால் அழுத்தினால் உள்ளே இன்னும் நெகிழும். பத்துப் பதினைந்து நாளில் வெட்டுவாய் உள்பக்கமாக லேசாகக் குழிந்து, ஓரம் சுருங்கி, சாம்பல் கலந்த வெள்ளையில் காய்ந்த தோல் போல ஆகியிருக்கும். நகத்தால் கீறினால் பொரபொரவென்று இருக்குமே தவிர ஈரம் வராது. அப்போதுதான் அது மண்ணுக்குத் தயார். மதுரைப் பக்கம் ஒரு வாரத்தில் ஆறுவது, நம் கடற்காற்றின் ஈரத்தில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நாளை எண்ணாமல் வெட்டுவாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெட்டிய அன்றே அடுப்புச் சாம்பலைத் தொட்டு வைப்பது நல்ல பழக்கம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பொடி வீட்டில் இருந்தால் அதையும் தடவலாம். சில மட்டைகள் திண்ணையில் இருக்கும்போதே கண்ணிலிருந்து வெள்ளை வேரை நீட்டும், அது நல்ல சகுனம்.

தொட்டி மண்ணுக்கு, குறுமணலோ கழுவிய எம் சாண்டோ இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய ஆட்டு எரு அரைப் பங்கு. அடியில் உடைந்த ஓட்டுச் சில்லு. கரையிலிருந்து அள்ளிவந்த மணல் வேண்டாம். பல வருஷம் மழை பட்டுக் கழுவிய உங்கள் முற்றத்து மணல் என்றால் பரவாயில்லை. மண் தொட்டி பிளாஸ்டிக்கைவிட நல்லது, சீக்கிரம் காயும். ஒரு மட்டைக்கு ஓர் அடி வாய் அகலமுள்ள தொட்டி முதல் வருஷத்துக்குப் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

மட்டையை நிமிர்த்தி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி வைத்து, சுற்றிலும் கையால் அழுத்துங்கள். ஆழமாகப் புதைத்தால் பிடிப்பு இருக்கும் என்று தோன்றும், ஆனால் அழுகல்தான் வரும். ஆடுகிறது என்றால் இரண்டு பக்கமும் குச்சி ஊன்றிக் கட்டிவிடலாம். மட்டையின் அகலமான முகம் கிழக்கும் மேற்கும் பார்க்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் முகத்தில் விழும், உச்சி வெயில் விளிம்பில்தான் படும். நிழலில் கிடந்த மட்டை திடீரென்று முழு வெயிலைக் கண்டால் வெந்து, தவிட்டு நிறத் தழும்பு விழும். முதல் மாதம் மேற்குப் பக்கம் ஒரு பனை ஓலையைச் சாய்த்துவிடுங்கள், அப்புறம் முழு வெயில்தான்.

நட்ட பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைத்தான் எவராலும் கடைப்பிடிக்க முடிவதில்லை. மண்ணில் லேசான ஈரம் இருந்தால் போதும், இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். மட்டைக்குள்ளேயே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதைச் செலவழித்து அது வேர் விடும். வேர் இல்லாத மட்டைக்கு ஊற்றும் தண்ணீர் அழுகலுக்குத்தான் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து மட்டையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். மண் சேர்ந்து இழுத்தால் வேர் பிடித்துவிட்டது. அப்போது அரை லிட்டர். பிறகு மண் முழுக்கக் காய்ந்த பின் அடுத்தது. சுருங்கிய மட்டை ஒரு வாரத்தில் மறுபடி உப்பி நிற்கும். எரு மூன்று மாதத்துக்கு ஒரு கைப்பிடி போதும். யூரியா வேண்டவே வேண்டாம், மட்டை நீர் கோத்து மெத்தென்று ஆகிப் பூச்சிக்கு இடம் கொடுக்கும்.

பூச்சி என்றதும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை நம் மண்ணோடு சேர்ந்தது. ஒரு காலத்தில் முள் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் நிலம் நிலமாகப் பரவி, மேய்ச்சலுக்கும் உழவுக்கும் பெரிய தொல்லையாக இருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து அதன் மேல் விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக் காடு காடாகச் சுருண்டு விழுந்தது. உயிரியல் முறையில் களையை அடக்கியதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் வெற்றிகளில் அதுவும் ஒன்று. களையைத் தின்ற அந்தப் பூச்சி, நீங்கள் ஆசையாக வளர்ப்பதையும் தின்னும். மொராக்கோவில் 2014-இல் இது நுழைந்து, கிராமம் கிராமமாகப் பழத் தோட்டங்களை அழித்துவிட்டது. நம் வேலியோரக் கள்ளியில் அது இன்றும் இருக்கிறது.

அடையாளம் எளிது. மட்டையின் கண்களைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரியும். சாதாரண மாவுப்பூச்சி என்று நினைப்பீர்கள். ஒரு பஞ்சை ஈர்க்குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பில் சாறு வந்தால் கொச்சினீல். நாலைந்து இடத்தில் இருந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, சோப்புக் கரைசலில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம். மட்டை முழுக்க அப்பியிருந்தால் அந்த மட்டையையே கணுவோடு வெட்டி எரித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை கண்களைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பங்குனி முதல் ஆடி வரை, மழை இல்லாத மாதங்களில். நன்றாகக் கொட்டும் மழை இந்தப் பூச்சியை அடித்துக்கொண்டு போய்விடும், வறண்ட மாதத்தில்தான் பெருகும். முள் கள்ளிப் புதருக்கு எவ்வளவு தூரத்தில் உங்கள் செடி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இதே காரணத்துக்காக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மட்டையை எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் யாரும் பெட்டிக்குள் மட்டையை வைத்து எடுத்து வரவேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவையுங்கள். அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவருவது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைக்கு எதிரானது. சட்டத்தைவிடப் பெரிய காரணம், பஞ்சுக்குள் ஒளிந்து ஒரு பூச்சி வந்தால் போதும். நம் நாட்டிலேயே முள்ளில்லாக் கள்ளி இருக்கிறது. ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமும் ஜான்சியில் இருக்கும் தீவன ஆராய்ச்சி நிறுவனமும் இதில் வேலை செய்கின்றன. நம் ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் வீட்டு மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சந்தேகம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள், உவர் நிலத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்களுக்குப் பழத்தின் மேல்தான் ஆசை என்று தெரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நம் கரையில் மட்டையை நம்பி வளருங்கள், பழம் வந்தால் அது கூடுதல் லாபம். இந்தச் செடி பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை வாங்கும் வகை. இரவு பதினைந்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். தாயிஃப் மலை மேல் இருக்கும் ஊர், அங்கே இரவு குளிரும். நம் ஊரில் சித்திரை, வைகாசி இரவுகளில் இருபத்தைந்துக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். செடி பிழைக்கும், மட்டை விடும், ஆனால் அங்கே நீங்கள் சாப்பிட்ட அளவு பெரிய, இனிப்பான பழத்தை எதிர்பார்க்காதீர்கள். வந்தாலும் இரண்டாம் மூன்றாம் வருஷம்தான் வரும்.

மட்டை அப்படியில்லை. வேர் பிடித்த இரண்டு மூன்று மாதத்தில், பெரும்பாலும் மட்டையின் மேல் விளிம்பில், பச்சை மொட்டுகள் தள்ளும். தட்டையாக இருந்தால் மட்டை, உருண்டையாக இருந்தால் பூ. முதல் வருஷம் பூமொட்டைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வரும் இரண்டு மூன்று மட்டைகளை வெட்டாமல் முற்றவிடுங்கள், செடியின் உடம்பு அவைதான். அவற்றின் மேல் அடுத்த வருஷம் வருவது உங்கள் சமையலுக்கு. புது மட்டை வெளுத்து, ஒல்லியாக நீண்டு வந்தால் வெயில் போதவில்லை என்று பொருள், இடத்தை மாற்றுங்கள்.

பறிக்கும் பருவம் மட்டை உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம் இருக்கும்போது, அதாவது துளிர்த்த மூன்று நான்கு வாரத்தில். அந்த வயதில் ஒவ்வொரு கண்ணிலும் எள்ளளவு பெரிய பச்சை இலை ஒன்று கூம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் இந்தச் செடியின் உண்மையான இலை, மட்டை என்பது தண்டு. அந்த இலை உதிர்ந்துவிட்டால் மட்டையில் நார் ஓட ஆரம்பித்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

நேரமும் முக்கியம். இரவெல்லாம் வாங்கிய காற்றை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைத்திருப்பதால், விடிகாலையில் பறித்த மட்டை நல்ல புளிப்பாக இருக்கும். வெயில் ஏற ஏற அந்தப் புளிப்பு கரையும். மாலை நாலு மணிக்குப் பறித்தால் அதே செடியின் மட்டை சப்பென்று இருக்கும். பொரியலுக்கு மாலையில் பறியுங்கள். குழம்புக்குக் காலையில் பறியுங்கள், புளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

முள்ளில்லாதது என்று பேரே தவிர, கண்களில் சுணை இருக்கும். மயிர் போன்ற, கொக்கியுள்ள சின்ன முள். கண்ணுக்குத் தெரியாது, கையில் ஏறினால் இரண்டு நாள் உறுத்தும். ரப்பர் கையுறையோ தடித்த துணியோ இல்லாமல் தொடாதீர்கள். ஏறிவிட்டால் தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி உரித்து எடுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை அவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் கத்தியால் சீவி, இரண்டு முகத்திலும் கண்களை மட்டும் படுக்கைவாட்டில் செதுக்கி, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். பீன்ஸ் அளவுக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாத இரும்புச் சட்டியில் போட்டு மூடாமல் வதக்குங்கள். முதலில் வெண்டைக்காய் போல நூல் நூலாகக் கோழை விடும், சட்டியே வழுக்கும். பயப்படாமல் கிளறிக்கொண்டிருந்தால் ஏழெட்டு நிமிஷத்தில் கோழை வற்றி, பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வரும். அப்போது தனியே எடுத்துவைத்து, சின்ன வெங்காயம், காய்ந்த முண்டு மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மட்டையைச் சேர்த்து, உப்புப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். காலை மட்டையை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய்க்குப் பதிலாகப் போட்டால் நம் வாய்க்கு மிகவும் பொருந்தும். முதல் தடவை ஆளுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், வயிறு பழகட்டும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் அடிக்கடி சாப்பிடக் கூடாது, இதில் கால்சியம் ஆக்ஸலேட் நிறைய இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், இது சர்க்கரையை இறக்கக்கூடியது.

கடைசியாக வேலியோரக் கள்ளி. அதன் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம், தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருவதுதான். இடுக்கியால் பறித்து, மணலில் போட்டு வேப்பங்குழையால் நன்றாகப் புரட்டி, தீயில் வாட்டிச் சுணையைப் போக்கி, இரண்டாக வெட்டுங்கள். பூ உதிர்ந்த குழியில், உள்நோக்கி, முள் கொத்தாக இருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் வாயில் வைக்கவே கூடாது, தொண்டையில் ஏறினால் பெரும்பாடு. விதை கடினம், இரண்டு மூன்று பழத்தோடு நிறுத்துங்கள், நிறையத் தின்றால் மலம் கட்டும். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பழத்தின் சாயம்தான், பதற வேண்டாம். கருப்பைக் கட்டியைக் கரைக்கும், ரத்தத்தை ஏற்றும் என்றெல்லாம் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. பழமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் கள்ளியின் மட்டையை நான் சமைக்கச் சொல்ல மாட்டேன். அந்த முள்ளை நீக்கும் பாட்டுக்கு அதில் சதை இல்லை.

கள்ளி என்று பேர் உள்ளதெல்லாம் இந்தக் குடும்பம் இல்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம். கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் விஷம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில் எங்கே கீறினாலும் நிறமில்லாத கோழைதான் வரும். பால் வந்தால் அதைச் சாப்பிட நினைக்கவே வேண்டாம்.

செடி பெரிதான பிறகு கழித்துப் போடும் மட்டைகளைக் குப்பையிலோ ஊரணிக் கரையிலோ எறியாதீர்கள். விழுந்த இடத்தில் வேர் விடும், சீமைக் கருவேலத்தோடு படும் பாடு போதும் நமக்கு. ஆடு வைத்திருந்தால் துண்டு துண்டாக நறுக்கி, வைக்கோலோ காய்ந்த கடலைக்கொடியோ கலந்து கொடுங்கள். வெறும் மட்டையை மட்டும் கொடுத்தால் தண்ணீராகக் கழியும். நடும் அன்றைக்கே செடியைச் சுற்றி வலை கட்டிவிடுங்கள், முள்ளில்லாக் கள்ளியின் ருசி தெரிந்த ஆடு ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டுப் போய்விடும்.